மின்தடை எகிறினால் கேஸா? மணற்கல் அடுக்கில் எரிவாயுவை லாக் பார்த்து மதிப்பிடும் முறை

கிணற்று லாக்கை, அதாவது கிணற்றுக்குள் கருவிகளை இறக்கி ஆழத்துக்கு ஆழம் அளந்த கோடுகளின் பதிவை, முதன்முதலாகக் கையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். மின்தடைக் கோடு எங்கே வலப்பக்கம் எகிறுகிறது என்று தேடி, அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘கேஸ்’ என்று எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் 5 சதவீதமே நுண்துளைமை (பாறையில் துளைகளின் பங்கு) உள்ள இறுகிய மணற்கல், சொட்டு எரிவாயுகூட இல்லாமல் முழுக்க உப்புநீர் நிரம்பியிருந்தாலும், 40 ஓம்-மீட்டர் காட்டும். அதே கிணற்றில் 20 சதவீத நுண்துளைமையும் நல்ல எரிவாயுவும் உள்ள மணற்கல் 22 ஓம்-மீட்டரோடு நின்றுவிடும். இந்த எண்கள் எப்படி வந்தன என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்க்கலாம். எந்தக் கருவியும் தனியாக எரிவாயுவைக் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரே பாறையைப் பற்றி இரண்டு கருவிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் பேசும் இடத்தில்தான் அது பிடிபடும். எனவே லாக் வாசிப்பது என்பது பாதிக்கு மேல் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்கிற வேலை.

புவியியலோ இயற்பியலோ படித்துவிட்டு இந்தத் துறைக்குள் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கால்குலேட்டர் ஒன்று போதும். மென்பொருள் பக்கம் பிறகு போகலாம்.

ஹெடரைப் படிக்காமல் கோட்டைப் பார்க்காதீர்கள்

துளையிட்டு முடித்ததும் கருவிகளைக் கேபிளில் கட்டி அடிவரை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே பதிவு செய்வார்கள். 1927 செப்டம்பர் 5 அன்று பிரான்சின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில் ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் குழு முதல் மின்லாக்கை எடுத்தபோது, ஒவ்வோர் இடத்திலும் கருவியை நிறுத்தி, அளந்து, கையால் வரைந்தார்கள். இன்று எல்லாம் எல்ஏஎஸ் கோப்பாக வந்துவிடுகிறது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடிலேயே திறக்கும். உள்ளே −999.25 என்று வரிசையாகக் கண்டால் பயப்பட வேண்டாம், ‘இங்கே அளவீடு இல்லை’ என்பதற்கான அடையாளம் அது. அதை நீக்காமல் சராசரி எடுத்தால் மட்டும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

லாக்கின் தலைப்புப் பகுதியான ஹெடரில் பிட் (துளையிடும் முனை) அளவு, சேற்றின் (துளையிடும்போது கிணற்றில் சுற்றவிடும் திரவம்) வகை, சேற்றுநீரின் மின்தடை, அடியாழ வெப்பநிலை, நியூட்ரான் லாக் எந்தப் பாறையை அடிப்படையாக வைத்துப் பதிவானது என்பவை இருக்கும். கடைசியாகச் சொன்னதுதான் என் காலை வாரிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லாக்கில் மூன்று மணற்கல் அடுக்குகளில் நியூட்ரான் (ஹைட்ரஜனைத் தேடுவது) கோடும் டென்சிட்டி (அடர்த்தி) கோடும் ஒன்றையொன்று தாண்டி நின்றன. அது எரிவாயுவின் அடையாளம், காரணம் பின்னால் வரும். மூன்றுக்கும் மஞ்சள் நிறம் அடித்து, பெருமையாக மேலதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. “தம்பி, ஸ்கேல் என்னன்னு பாத்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். லாக் சுண்ணாம்புக்கல் ஸ்கேலில் இருந்தது. நான் பார்த்தது மணற்கல். மூன்றிலும் தண்ணீர்தான். முதல் கோணல் முற்றும் கோணல்.

ஏன் அப்படி ஆனது என்று விவரமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இது எல்லோரும் ஒருமுறையாவது விழுகிற குழி. சுண்ணாம்புக்கல் ஸ்கேலில் டென்சிட்டி டிராக் (கோடு வரையப்படும் பத்தி) 1.95-இலிருந்து 2.95 கிராம்/கன செ.மீ. வரை, நியூட்ரான் 45 சதவீதத்திலிருந்து −15 வரை. நீர் நிரம்பிய, 20 சதவீத நுண்துளைமை உள்ள சுத்தமான மணற்கல்லின் அடர்த்தி 2.32. இந்த டிராக்கில் அது இடமிருந்து 37 சதவீதத் தூரத்தில் விழும். நியூட்ரானோ அதே மணற்கல்லைச் சுண்ணாம்புக்கல் என்று நினைத்துக்கொண்டு சுமார் 16 சதவீதம்தான் படிக்கும்; அது 48 சதவீதத் தூரத்தில் விழும். எரிவாயு துளியும் இல்லாமலேயே இரண்டு கோடுகளும் தாண்டி நிற்கின்றன. மணற்கல்லுக்கு வேலை செய்யும்போது நியூட்ரானை மணற்கல் அடிப்படைக்கு மாற்றி, டென்சிட்டியை 1.90 முதல் 2.90 வரை வைத்துவிடுங்கள். நீருள்ள சுத்த மணற்கல்லில் இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும். அதன்பிறகு தாண்டினால் அதற்கு அர்த்தம் உண்டு.

கிணற்றுச் சுவர் நன்றாக இருக்கிறதா?

அடுத்து, துளையின் அகலத்தைக் காட்டும் கேலிப்பர் கோடு. பிட் அளவைவிடத் துளை அகலமாக இருந்தால் அங்கே சுவர் சரிந்திருக்கிறது. டென்சிட்டி கருவியின் பட்டை சுவரில் ஒட்டி உட்கார வேண்டும். சரிந்த இடத்தில் அது சேற்றைத்தான் எடைபோடும். அடர்த்தி குறைவாகத் தெரியும், எரிவாயு போலவே இருக்கும். டென்சிட்டி திருத்தக் கோடு 0.1-ஐத் தாண்டும் இடங்களில் டென்சிட்டியை நம்பாதீர்கள்.

துளை பிட் அளவைவிடக் கொஞ்சம் குறுகியிருந்தால் நல்ல சேதி. சேற்றுநீர் பாறைக்குள் கசிந்துபோய், களி மட்டும் சுவரில் அப்பளம் போலப் படிந்திருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் பாறை ஊடுருவ விடுகிறது. ஊடுருவுதிறனை லாக் நேரடியாக அளக்காது. இப்படிப் பக்கவாட்டில் கிடைக்கும் தடயங்களைத்தான் சேர்த்துக்கொண்டு போக வேண்டும்.

மணலா, களியா?

காமா ரே லாக் பாறையின் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கிறது. களிப்பாறையில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், எனவே எண் உயரும். சுத்த மணற்கல்லில் குறையும். பயிற்சிக்காக ஒரு கிணற்றைக் கற்பனை செய்துகொள்வோம்: சுத்த மணலில் 30 ஏபிஐ (காமா ரே லாக்கின் அலகு), சுத்தக் களியில் 120, நாம் பார்க்கும் அடுக்கில் 45. கழித்து வகுத்தால் 15/90, அதாவது 17 சதவீதம் களி.

இந்த நேர்விகிதக் கணக்கு களியைக் கூட்டித்தான் சொல்லும். அதனால் லாரியானவின் வளைகோட்டுச் சூத்திரங்களைப் பயன்படுத்துவார்கள். பழைய, இறுகிய பாறைகளுக்கான சூத்திரத்தில் அதே 17 சதவீதம் சுமார் 9 ஆகிறது. மூன்றாம் யுகத்து இளம் பாறைகளுக்கான சூத்திரத்தில் 4-தான். எதை எடுப்பது? பாறையின் வயதைப் பாருங்கள். நம் பயிற்சி அடுக்கு கிரெட்டேசியக் காலத்தது என்று வைத்துக்கொண்டு 9 சதவீதத்தை எடுக்கிறேன்.

கிரெட்டேசியம் என்று சும்மா சொல்லவில்லை. காவிரிப் படுகையின் முக்கிய மணற்கல் அடுக்குகள் அந்தக் காலத்தவை. அவற்றின் பெயர்களைக் கேட்டால் பேருந்துத் தடம் போல இருக்கும்: ஆண்டிமடம், புவனகிரி, நன்னிலம். நடுவில் குடவாசல் களிப்பாறை. குத்தாலத்திலும் வழுதூரிலும் உள்ள மின்நிலையங்கள் இந்தப் படுகையின் எரிவாயுவை நம்பிக் கட்டப்பட்டவை.

இதில் ஆண்டிமடம் அடுக்கு புதியவர்களுக்குச் சரியான பரீட்சை. அதன் மணற்கல்லில் அப்பிரகம் (மைக்கா) நிறைய. அப்பிரகத்தில் பொட்டாசியம் உண்டு. எனவே காமா ரே ஏறி, நல்ல மணற்கல்லையும் களி என்று சொல்லிவிடும். தொல்லை அதோடு முடிவதில்லை. வெள்ளை அப்பிரகத்தின் அடர்த்தி 2.8-ஐத் தாண்டும், குவார்ட்ஸுக்கோ 2.65. அதன் படிகத்துக்குள் ஹைட்ராக்சில் இருப்பதால் நியூட்ரானும் கூடுதலாகப் படிக்கும். இரண்டு கோடுகளும் எரிவாயு இழுக்கும் திசைக்கு நேரெதிராக நகரும். உள்ளே எரிவாயு இருந்தாலும் தாண்டுதல் மங்கிவிடும், சில சமயம் மறைந்தே போகும். இப்படிப்பட்ட அடுக்கில் பொட்டாசியம், தோரியம், யுரேனியம் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரல் காமா ரே இருந்தால் கேட்டு வாங்குங்கள். களி அளவை அதில் தோரியக் கோட்டை வைத்துக் கணிப்பது பாதுகாப்பானது.

இரண்டு சாட்சிகளின் சண்டை

டென்சிட்டி கருவி சீசியம்-137 மூலத்திலிருந்து காமா கதிரை அனுப்பி, திரும்பி வருவதை எண்ணுகிறது. பாறை எவ்வளவு கனம் என்பதுதான் அதன் கேள்வி. நியூட்ரான் கருவியில் வழக்கமாக அமெரிசியம்-பெரிலியம் மூலம் இருக்கும். அது ஹைட்ரஜனைத் தேடுகிறது. துளைகளில் தண்ணீர் இருந்தால் இரண்டும் ஒரே நுண்துளைமையைச் சொல்லும். எரிவாயு வந்ததும் கதை மாறுகிறது. எரிவாயு லேசானது, எனவே டென்சிட்டி “பாறை லேசாக இருக்கிறது, துளை நிறைய” என்கிறது. அதே கனஅளவில் எரிவாயுவில் ஹைட்ரஜன் மிகக் குறைவு, எனவே நியூட்ரான் “ஹைட்ரஜனையே காணோம், துளையும் இல்லை” என்கிறது. டென்சிட்டி கோடு இடப்பக்கமும் நியூட்ரான் வலப்பக்கமும் ஒதுங்க, நடுவில் ஒரு வயிறு விழும். கிராஸ்ஓவர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

பயிற்சி அடுக்கில் அடர்த்தி 2.19. மணற்கல் 2.65, நீர் 1.0 என்று வைத்தால், 0.46-ஐ 1.65-ஆல் வகுக்க, டென்சிட்டி நுண்துளைமை 28 சதவீதம். நியூட்ரான் 12 சதவீதம். பதினாறு புள்ளி வித்தியாசம். எவ்வளவு நன்றாகச் சண்டை போடுகிறார்கள் பாருங்கள்!

இரண்டு கோடுகளும் சேர்ந்து இடப்பக்கம் போனால் அது வேறு விஷயம். நிலக்கரி அடுக்கில் காமா ரே குறையும், அடர்த்தி அடிமட்டத்துக்கு இறங்கும், மின்தடை பெரும்பாலும் ஏறும். நியூட்ரானை மறந்துவிட்டால் எரிவாயு என்று சத்தியமே செய்யலாம். ஆனால் கரியில் ஹைட்ரஜன் அதிகம், நியூட்ரான் மிக உயரத்தில் நிற்கும். சண்டை இல்லை, எரிவாயு மணலும் இல்லை.

கிராஸ்ஓவர் சிறிதாக இருந்தால் எரிவாயு கொஞ்சம்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. துளையிடும்போது சேற்றுநீர் பாறைக்குள் புகுந்து எரிவாயுவைத் தள்ளிவிடுகிறது. டென்சிட்டி கருவியின் பார்வை ஒரு சாணுக்குள் முடிந்துவிடும். நியூட்ரான் அதைவிடக் கொஞ்சம் தூரம் பார்க்கும். ஆழ்மின்தடைக் கருவியோ ஓர் ஆள் நீளம்வரை பார்க்கும். முதல் இரண்டும் பார்ப்பது பெரும்பாலும் சேற்றுநீர் நனைத்த பகுதியை என்பதால், உண்மையில் இருப்பதைவிடக் குறைத்தே சொல்கின்றன. களி கூடக்கூட நியூட்ரான் ஏறி, கிராஸ்ஓவர் இன்னும் சுருங்கும். பாறையில் ஒலி அலையின் வேகத்தை அளக்கும் சோனிக் லாக் கூட இருந்தால் அதையும் பாருங்கள்: சிறிதளவு எரிவாயு கலந்தாலே அழுத்த அலையின் வேகம் குறையும், வெட்டு அலை பெரிதாக மாறாது.

நுண்துளைமைக்கு ஓர் எண்

28-ஆ, 12-ஆ? இரண்டும் இல்லை. முதலில் களியின் பங்கைக் கழிக்க வேண்டும். பக்கத்துக் களிப்பாறையில் டென்சிட்டி நுண்துளைமை 9, நியூட்ரான் 36 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நம் அடுக்கில் களி 9 சதவீதம். கழித்தபின் டென்சிட்டி 27, நியூட்ரான் 9 என்று நிற்கும். இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கி, கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுத்தால் 20 சதவீதம். எரிவாயு மணலுக்கு இந்த வர்க்கச் சராசரி சாதாரண சராசரியைவிட நன்றாகப் பொருந்தும். துல்லியமான மதிப்பீட்டுக்கு எரிவாயுவின் அடர்த்தியை உள்ளே விட்டுத் திரும்பத் திரும்பக் கணக்குப் போட வேண்டும். பெரும்பாலும் விடை இதன் அருகில்தான் வரும்.

ஆர்ச்சியின் கணக்கு

1942-இல் கஸ் ஆர்ச்சி வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் அஸ்திவாரம். மணல் மணிகள் மின்சாரத்தைக் கடத்தாது, எரிவாயுவும் கடத்தாது, உப்புநீர் மட்டும் கடத்தும். ஆகவே மின்தடையும் நுண்துளைமையும் நீரின் மின்தடையும் தெரிந்தால், துளைகளில் எத்தனை பங்கு நீர் என்று சொல்லிவிடலாம். மீதி எரிவாயு.

நீரின் மின்தடைக்கு எங்கே போவது? அதே கிணற்றில், கொஞ்சம் கீழே, நிச்சயமாக நீர் மட்டுமே உள்ள மணற்கல்லைத் தேடுங்கள். அங்கே நுண்துளைமை 22 சதவீதம், மின்தடை 2 ஓம்-மீட்டர் என்றால், 0.22-ஐ அதே எண்ணால் பெருக்கி, 2-ஆலும் பெருக்குங்கள். 0.097 வரும், 0.1 என்று வைத்துக்கொள்ளலாம். ஆழம் ரொம்ப வேறுபட்டால் வெப்பநிலைத் திருத்தம் தேவை, பக்கத்திலேயே இருந்தால் கவலையில்லை.

இப்போது நம் அடுக்கு. மின்தடை 22. நுண்துளைமை 0.20-இன் வர்க்கம் 0.04, அதை 22-ஆல் பெருக்க 0.88. நீரின் 0.1-ஐ அந்த 0.88-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.34. நீர் 34 சதவீதம், எரிவாயு 66. ஆரம்பத்தில் சொன்ன இறுகிய மணற்கல்லையும் போட்டுப் பாருங்கள்: 0.05-இன் வர்க்கம் 0.0025, அதால் 0.1-ஐ வகுத்தால் 40 ஓம்-மீட்டர், முழுக்கத் தண்ணீரோடு.

இதே அடுக்குக்கு டென்சிட்டி சொன்ன 28-ஐ அப்படியே போட்டிருந்தால் நீர் 24 சதவீதம் என்று வந்திருக்கும். நியூட்ரானின் 12-ஐப் போட்டிருந்தால் 56. ஒரே பாறை, ஒரே மின்தடை. மின்தடை லாக்கைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், நுண்துளைமையில் கோட்டைவிட்டால் அது என்ன செய்யும்?

சூத்திரத்தில் மூன்று மாறிலிகள் உண்டு. நீரின் பங்குக்கான அடுக்கை 2 என்றே வைத்துக்கொள்வோம்; மற்றவை ஒரு பெருக்கு எண்ணும் நுண்துளைமைக்கான அடுக்கும். அவற்றுக்கு நான் 1-ம் 2-ம் எடுத்தேன். 0.62-ம் 2.15-ம் எடுக்கும் ஹம்பிள் முறையும் மணற்கல்லில் புழக்கத்தில் இருக்கிறது. எது சரி என்று புதியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நீரின் மின்தடையையும் அதே கிணற்றில் அதே மாறிலிகளால் கணித்திருந்தால், ஹம்பிளில் 33 சதவீதம் வருகிறது. நமக்கு வந்தது 34. தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. நீரின் மின்தடையை 0.1 என்று வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து, மாறிலிகளை மட்டும் மாற்றினால் 30 ஆகிவிடும். ஆய்வகத்தில் பாறை மாதிரியை அளந்த மாறிலி கிடைத்தால் தயங்காமல் அதையே பயன்படுத்துங்கள்.

களியும் மின்சாரத்தைக் கடத்தும். ஆர்ச்சிக்கு அது தெரியாது; களி கடத்துவதையும் நீரின் கணக்கிலேயே எழுதிவிடுவார். சிமாண்டூ சூத்திரம் இதைத் திருத்துகிறது. களிப்பாறையின் மின்தடை 3 ஓம்-மீட்டர் என்றால் நம் 34 சதவீதம் 30-க்கு இறங்குகிறது. களி 30 சதவீதமாக இருந்தால், மற்ற எண்கள் மாறாத நிலையில், 23-க்குப் போய்விடும். களி 10 சதவீதத்துக்குள் இருக்கும்வரை நான் ஆர்ச்சியோடே நின்றுகொள்வேன். அதற்கு மேல் போனால் இரண்டையும் போட்டு ஒப்பிடுவேன்.

எரிவாயு எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது

இதற்கு லாக்கை மட்டும் நம்ப வேண்டாம். கேபிளில் இறங்கி, சுவரில் ஒட்டி, அடுக்கின் அழுத்தத்தை அளக்கும் கருவி உண்டு. ஐந்தாறு ஆழங்களில் அளந்து வரைபடத்தில் வைத்தால், நீருள்ள பகுதியில் 10 மீட்டருக்குச் சுமார் 1 பார் கூடும். எரிவாயுப் பகுதியில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டு கோடுகளும் வெட்டும் ஆழமே எரிவாயு-நீர் எல்லை. மின்தடை சொல்லும் எல்லையும் இதுவும் ஒத்துவந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுத்தது வெட்டு எல்லைகள்: களி இவ்வளவுக்குக் கீழ், நுண்துளைமை இவ்வளவுக்கு மேல், நீர் இவ்வளவுக்குக் கீழ் இருந்தால்தான் அந்த மீட்டரைக் கணக்கில் சேர்ப்பது. 40, 10, 60 சதவீதம் என்பது போன்ற எண்களைப் பல அறிக்கைகளில் காணலாம். அவை வேதவாக்கு இல்லை. உற்பத்திச் சோதனையில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று பார்த்து அந்தந்த வயலுக்கு முடிவு செய்ய வேண்டியவை.

மிச்சம் பெருக்கல்தான். பயிற்சி அடுக்கில் தேறியது 12 மீட்டர், பரப்பு 1 சதுர கிலோமீட்டர் என்று வைத்தால், 20 சதவீதத் துளையில் 66 சதவீத எரிவாயு என்பது நிலத்தடியில் சுமார் 15.8 லட்சம் கனமீட்டர். 2,150 மீட்டர் ஆழத்தில், 215 பார் அழுத்தத்தில், 95 டிகிரியில் அமுங்கிக் கிடப்பது மேலே வரும்போது ஏறத்தாழ 185 மடங்கு விரியும். ஆக 29 கோடி கனமீட்டர். நீர் 24 சதவீதம் என்று ஏமாந்திருந்தால், நுண்துளைமையும் 28 என்று கூடவே உயர்ந்துவிடுவதால், இதே அடுக்கு 47 கோடி காட்டியிருக்கும். அதனால் அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாதீர்கள். குறைந்தது, கூடியது இரண்டையும் எழுதி, எந்தத் தேர்வு அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது என்றும் ஒரு வரி சேருங்கள்.

பயிற்சிக்கு உண்மையான தரவு வேண்டுமென்றால் நெதர்லாந்து அரசின் என்எல்ஓஜி தளத்தில் கிணற்று லாக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டு 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்ட குரோனிங்கன் வயலின் ஸ்லோக்டரன் மணற்கல் தொடக்கத்துக்கு அருமையான பாறை. ஒரு கிணற்றின் லாக்கை அச்சிட்டு, மின்தடை டிராக்கின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். ஹெடர், கேலிப்பர், காமா ரே, நியூட்ரான், டென்சிட்டி ஆகியவற்றை மட்டும் வைத்து எரிவாயு எங்கே என்று பென்சிலால் குறியுங்கள். அப்புறம் காகிதத்தைப் பிரித்துப் பாருங்கள்.